12,000 கேள்வி போட்டும் 141: கேள்வி வங்கியில் எங்கே ஓட்டை?

கேள்வி: "ஜார்ஜியாவில் மருத்துவம் முடித்து 2023இல் ஊர் திரும்பினேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்கத் தேற வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் முறை 300க்கு 138, இரண்டாம் முறை 141. ஒரு செயலியின் கேள்வி வங்கியை இரண்டு சுற்று முழுதாக முடித்திருக்கிறேன், ஏறக்குறைய 12,000 கேள்விகள். முதல் சுற்றில் 54 சதவீதம் சரி, இரண்டாம் சுற்றில் 78. எல்லாம் பாடவாரியாகத்தான் போட்டேன். தவறான கேள்விகளின் விளக்கத்தை எழுதி எழுதி நான்கு நோட்டு நிறைந்துவிட்டது. இ.என்.டி.யும் கண்ணும் கடைசியில் வருவதால் அவற்றை மட்டும் அவசரமாக முடித்தேன். நீளமான கேள்விகளில் நேரம் போய்விடுகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காருகிறேன். அடுத்த தேர்வுக்கு 14 வாரம் இருக்கிறது. தோழிகள் இன்னொரு செயலி வாங்கச் சொல்கிறார்கள். வீட்டில் மறுபடி பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வாங்கலாமா, இல்லை இருப்பதையே ரீசெட் செய்து மூன்றாவது சுற்று போடலாமா?"
– வாசகி, நாமக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

வாங்க வேண்டாம். ரீசெட்டும் வேண்டாம். 14 வாரம் தாராளமாகப் போதும். ஆனால் இதுவரை செய்ததையே இன்னும் அதிக நேரம் செய்தால் போதாது.

முதலில் அந்த 138ஐயும் 141ஐயும் பார்த்துவிடுவோம். மூன்று மதிப்பெண் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளில் பாதி தெரிந்த ஒருவர் ஒரே தரத்தில் அமைந்த பல தாள்களை எழுதினால், அதிர்ஷ்டத்தால் மட்டுமே மதிப்பெண் 9 வரை மேலும் கீழும் ஆடும். இது பி.எஸ்.எம். (சமூக மருத்துவம்) பாடத்தில் நீங்கள் படித்த ஸ்டாண்டர்டு டீவியேஷன்தான்: 300ஐ அரையால் இரண்டு முறை பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 8.7 வரும். ஆகவே இரண்டு முறையும் நீங்கள் நின்ற இடம் ஒன்றே. இதே கணக்கு இன்னொரு செய்தியும் சொல்கிறது. தேர்ச்சிக்கு 150 போதும் என்று 150க்குத் தயாரானால், தேறுவதும் தேறாததும் பூவா தலையா கதைதான். 165 எடுக்கும் தரத்துக்கு வந்தவர்தான் கெட்ட நாளிலும் கோட்டுக்கு மேலே நிற்பார். எனவே நீங்கள் தேடவேண்டியது 9 மதிப்பெண்ணை இல்லை, ஏறக்குறைய 25ஐ.

இப்போது உங்கள் 54 சதவீதம். 300க்கு 54 சதவீதம் என்றால் 162. தேர்வில் வந்ததோ 141. இடையில் 21 மதிப்பெண் எங்கே போனது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: பாடவாரியாகப் போட்டீர்கள். எண்டோகிரைனாலஜி என்ற தலைப்பின் கீழ் "35 வயது, உயர் ரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவு" என்று வந்தால் யோசிக்காமலே கான்ஸ் சிண்ட்ரோம் என்று தட்டிவிடலாம். பாதி நோயறிதலைத் தலைப்பே செய்து கொடுத்துவிட்டது. கலப்புத் தாளில் இதே இரண்டு வரி வரும்போது ரீனல் ஆர்ட்டரி ஸ்டெனோசிஸும் இருக்கலாம், குஷிங்கும் இருக்கலாம், லிடிலும் இருக்கலாம். ரெனின் குறைந்து ஆல்டோஸ்டிரோன் கூடினால் கான், இரண்டும் கூடினால் ரீனல் ஆர்ட்டரி, இரண்டும் குறைந்தால் லிடில் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தலைப்பு தெரிந்து போடும்வரை அந்தப் பழக்கம் வருவதற்கு வழியே இல்லை.

78ஐ மறந்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் கேள்வியின் முதல் வரியைக் கண்டதும் "இதற்கு சி" என்று கை போவது எல்லோருக்கும் நடப்பதுதான். பார்த்த முகத்தை அடையாளம் காண்பது ஒரு வேலை, ஒன்றுமில்லாத இடத்தில் விடையை வருவிப்பது இன்னொரு வேலை. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். செயலி சரி என்று காட்டும் கேள்விகளில் 30ஐ எடுங்கள். ஆப்ஷன்களைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு, மற்ற மூன்றும் ஏன் சரியில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எத்தனை தேறுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான இரண்டாம் சுற்று. மூன்றாவது சுற்று போட்டால் 90 வரும், மனம் குளிரும், தேர்வில் மறுபடி 140 வரும். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்று இதைத்தான் சொல்வார்கள்.

அடுத்தது, நேரத்தை எங்கே கொட்டுகிறீர்கள் என்ற கேள்வி. தாளின் பங்கீட்டை ஒரு அட்டையில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி தலா 17. பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி தலா 13. ஃபாரன்சிக் 10. இது முதல் 100. மீதி 200இல் மெடிசின் 33, சர்ஜரி 32, ஓ.பி.ஜி. (மகப்பேறு, மகளிர் மருத்துவம்) 30, பி.எஸ்.எம். 30, குழந்தை மருத்துவம் 15, கண் 15, இ.என்.டி. 15. மனநலம், தோல், ரேடியோதெரபி, மயக்கவியல், எலும்பு, ரேடியோடயக்னோசிஸ் ஆறும் தலா 5, சேர்த்தால் 30.

இதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நீங்கள் அவசரமாக முடித்த கண்ணும் இ.என்.டி.யும் சேர்ந்து 30 மதிப்பெண். மெடிசினுக்கு 33. மெடிசின் கடல், அந்த 33இல் நாலைக் கூட்டிக்கொள்ள ஒரு மாதம் வேண்டும். கண்ணும் இ.என்.டி.யும் சிறிய பாடங்கள், இரண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காகக் கொடுத்தால் ஏழெட்டு மதிப்பெண் கூடும். பி.எஸ்.எம். அதைவிட லாபம்: 30 மதிப்பெண், திட்டவட்டமான விடைகள், குழப்பம் குறைவு. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மிகவும் பலவீனமான பாடமும் அதுதான். நம் தடுப்பூசி அட்டவணையும் தேசியத் திட்டங்களும் அங்கே யாரும் நடத்தமாட்டார்கள். செயலி எந்த வரிசையில் பாடங்களை அடுக்கியிருக்கிறதோ அந்த வரிசையில் படிப்பதால் அனாடமி மூன்று முறை பளபளவென்று இருக்கும், கடைசிப் பாடங்கள் மூன்று முறையும் அரைகுறையாகவே நிற்கும். இந்த முறை வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: பி.எஸ்.எம்., கண், இ.என்.டி., ஃபாரன்சிக், ஓ.பி.ஜி. முதலில்.

இனி கேள்வி போடும் முறை. தேர்வு இரண்டு பகுதி, பகுதிக்கு 150 கேள்வி, 150 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம் என்பதில் மாற்றம் இல்லை. 2024இல், தேர்வை நடத்தும் என்.பி.இ.எம்.எஸ். வாரியம் தன் தேர்வுகளில் நேரப் பிரிவுகளைக் கொண்டுவந்தது. ஒரு பிரிவின் நேரம் முடிந்துவிட்டால் அதற்குத் திரும்பிப் போக முடியாது. "கடைசியில் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று குறித்துவைக்கும் பழைய உத்தி இப்போது அந்தப் பிரிவுக்குள் மட்டுமே செல்லும். உங்கள் அமர்வுக்கான தகவல் குறிப்பேட்டில் பிரிவுகளின் அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். பயிற்சிக்கு 50 கேள்வி, 50 நிமிடம் என்ற கட்டுதான் வசதி. எல்லாப் பாடமும் கலந்து, நேரம் ஓட, விடை தெரியாமல். ஒவ்வொரு கேள்விக்கும் உடனுக்குடன் விடை காட்டும் முறையை அணைத்துவிடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள், தண்ணீர் குடிக்கக்கூட எழவேண்டாம். கைபேசியில் படுத்துக்கொண்டு போடுவதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். தேர்வு கணினித் திரையில். மடிக்கணினி இருந்தால் அதில் போடுங்கள்.

கட்டுக்குள் நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: முதல் 38 நிமிடத்தில் 50 கேள்வியையும் ஒருமுறை தொட்டுவிட வேண்டும், மீதி 12 நிமிடம் சந்தேகப்பட்டவற்றுக்கு. நீளமான கேள்வியில் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தபின் மேலே போய் வயது, எத்தனை நாள், ஒரு வித்தியாசமான ஆய்வு முடிவு, இந்த மூன்றையும் தேடினால் பத்து வரிக் கதை மூன்று வரியாகச் சுருங்கும். 70 நொடியில் திறக்காத கேள்விக்கு ஏதாவது ஒரு விடையைத் தட்டி, குறித்துவிட்டு நகருங்கள். இந்தத் தேர்வில் தவறுக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை. ஒன்றையும் காலியாக விடுவது நம் கையால் மதிப்பெண்ணைக் கீழே போடுவது. நாலில் ஒன்றைக் கண்ணை மூடித் தட்டினாலும் 20 கேள்விக்குச் சராசரியாக 5 வரும். இரண்டை நீக்கிவிட்டுத் தட்டினால் 10. போட்ட விடையை மாற்றுவதானால் ஒரே ஒரு காரணத்துக்கு மாற்றுங்கள்: முதலில் கண்ணில் படாத ஒரு சொல் இப்போது பட்டிருக்க வேண்டும். "மனசுக்கு என்னவோ போல இருக்கிறது" என்பது காரணமாகாது.

போடும்போதே பக்கத்தில் ஒரு காகிதத்தில் கேள்வி எண்ணுக்கு எதிரே ஓர் எழுத்து எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்தால் "உ", இரண்டுக்கு நடுவே ஆடினால் "ஐ", குருட்டாம்போக்கில் தட்டினால் "கு". இது ஒரு நொடி வேலை, ஆனால் பிறகு செய்யப்போகும் ஆய்வுக்கு இதுதான் அடித்தளம். செயலி சரி, தவறு என்று இரண்டே பெட்டி வைத்திருக்கிறது. "கு" போட்டுச் சரியானது செயலிக்குச் சரி, உங்களுக்குத் தவறு. "உ" போட்டுத் தவறானது எல்லாவற்றிலும் ஆபத்தானது, அங்கே தப்பான ஒன்றை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதை முதலில் பாருங்கள்.

உங்கள் 25 மதிப்பெண் கிடக்கும் இடம் கட்டு முடிந்தபின் வரும் அந்த ஒன்றரை மணி நேரம். 50 நிமிடம் போட்ட கட்டுக்கு 90 முதல் 100 நிமிடம் ஆய்வு வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டால் விளக்கத்தை வெறுமனே கண்ணால் மேய்ந்திருக்கிறீர்கள். விளக்கத்தை நோட்டில் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த நான்கு நோட்டையும் திரும்பப் படித்திருக்கமாட்டீர்கள், படிக்கவும் முடியாது. எழுதும்போது கை உழைக்கிறது, தலை ஓய்வெடுக்கிறது. அதற்குப் பதில் ஒவ்வொரு தவறையும் ஏன் நடந்தது என்று நாலு வகையில் ஒன்றாகப் போடுங்கள்.

தெரியவே தெரியாது என்பது முதல் வகை. இதற்குக் கேள்வி வங்கி மருந்தாகாது. அந்தத் தலைப்பை உங்கள் நோட்ஸிலோ வீடியோவிலோ ஒருமுறை படிக்க வேண்டும். ஒரே தலைப்பில் மூன்று நாளுக்குள் இரண்டு "தெரியாது" விழுந்தால் அன்று மாலைப் படிப்பு அந்தத் தலைப்புதான். ஒற்றையாக விழுந்த ஒரு அபூர்வ நோய்க்காக அத்தியாயத்தையே திறக்காதீர்கள்.

படித்ததுதான், ஆனால் இரண்டுக்கு நடுவே குழம்பிவிட்டது என்பது இரண்டாவது. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் அதிகம் இருக்கும். மருந்து: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிரித்துக் காட்டும் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும். தொண்டைத் தொற்றோடு ஓரிரு நாளில் சிறுநீரில் ரத்தம், சி3 சாதாரணம் என்றால் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து, சி3 குறைவு என்றால் போஸ்ட் ஸ்ட்ரெப்டோகாக்கல். தளர்ந்த கொப்புளம், வாயிலும் புண், நிகோல்ஸ்கி பாசிட்டிவ் என்றால் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். இறுக்கமான கொப்புளம், வயதானவர், மேல்தோலுக்குக் கீழே பிளவு என்றால் புல்லஸ் பெம்ஃபிகாய்டு. இவ்வளவுதான் அந்த அட்டையில் இருக்க வேண்டும். ஐந்தாவது புள்ளி எழுதத் தோன்றினால் பேனாவை மூடிவிடுங்கள்.

மூன்றாவது, கேள்வியைத் தவறாகப் படித்தது. "தவிர" என்ற சொல்லைத் தாண்டியது. முதலில் செய்யும் பரிசோதனையைக் கேட்க, மிகத் துல்லியமான பரிசோதனையைப் போட்டது. அடிக்கடி காணப்படுவதைக் கேட்க, பிரபலமானதைப் போட்டது. பல்மனரி எம்பாலிசத்தில் ஈ.சி.ஜி.யில் அதிகம் காணப்படுவது சைனஸ் டாக்கிகார்டியா. எல்லோருக்கும் நினைவில் நிற்பதோ எஸ்1 க்யூ3 டி3. கேட்கும் சொல்லின் மேல் கர்சரை வைத்துவிட்டு ஆப்ஷனுக்குப் போவதைப் பழக்கமாக்கினால் இந்த வகை இரண்டே வாரத்தில் பாதியாகும். "கவனக்குறைவு" என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்ந்தால் குறையாது, எந்தச் சொல்லைத் தவறவிட்டீர்கள் என்று எழுதினால்தான் குறையும்.

நான்காவது வகை சிகிச்சை சார்ந்தது: நோய் தெரியும், அடுத்து என்ன செய்வது தெரியாது. பிறந்து நான்கு வாரமான ஆண் குழந்தை, பால் குடித்ததும் பித்தம் கலக்காத வாந்தி பீய்ச்சி அடிக்கிறது, வயிற்றில் ஆலிவ் போலக் கட்டி. முதலில் என்ன செய்வீர்கள்? ஆப்ஷன்கள்: உடனடி பைலோரோமயாட்டமி, சலைன் கொடுத்து எலக்ட்ரோலைட் சரிசெய்தல், மேல் குடல் கான்ட்ராஸ்ட் ஆய்வு, காற்று எனிமா. பைலோரிக் ஸ்டெனோசிஸ் (இரைப்பையின் வெளிவாய் தடித்து அடைபடுவது) என்று நோயைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் பலரும் அறுவைசிகிச்சையைத் தட்டுவார்கள். வாந்தியில் குளோரைடும் அமிலமும் போய், பொட்டாசியமும் குறைந்து, குழந்தை மெட்டபாலிக் ஆல்கலோசிஸில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மயக்கம் கொடுத்தால் அறுவை முடிந்தபின் மூச்சு நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. ஆகவே முதலில் சலைன், பிறகுதான் ராம்ஸ்டெட் (அந்த பைலோரோமயாட்டமிதான்). இங்கே நின்றுவிடாதீர்கள். மீதி ஆப்ஷன்களைப் பார்த்து "இது எப்போது சரியாகும்?" என்று கேளுங்கள். வாந்தியில் பித்தம் கலந்திருந்தால் மால்ரொடேஷனை நினைத்துக் கான்ட்ராஸ்ட் ஆய்வு. எட்டு மாதக் குழந்தை, விட்டுவிட்டு அழுகை, ஜெல்லி போல ரத்த மலம் என்றால் இன்டஸ்ஸஸெப்ஷன், அதற்குக் காற்று எனிமா. ஒரு கேள்வியிலிருந்து மூன்று கேள்வி கறந்தாயிற்று. 12,000 கேள்வி போட்டவருக்கும் 4,000 கேள்வியை இப்படிக் கறந்தவருக்கும் உள்ள வித்தியாசம் தேர்வு அறையில் தெரியும்.

தவறுகளிலிருந்து ஒருவரி அட்டைகள் செய்யுங்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, காகிதமோ செயலியோ எதுவானாலும் சரி. ஒரு கட்டுக்கு 15 அட்டைக்கு மேல் வேண்டாம். செய்த அட்டையை இரண்டாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் பாருங்கள். ஒரே அட்டை மூன்று முறையும் தவறினால் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்தத் தலைப்பைப் படியுங்கள். புரியாத ஒன்றை மனப்பாடம் செய்ய முயன்றுகொண்டிருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள்.

கேள்வி வங்கியில் எழுதியிருப்பதாலேயே விடை சரியாகிவிடாது. பழைய கேள்விகளைச் செயலிகள் எல்லா இடத்திலும் புதுப்பித்துவிடுவதில்லை. இந்தத் தேர்வில் அப்படி மாறிய இடங்கள் மதிப்பெண் நிறைந்த இடங்கள். போலியோ ஊசி 6, 14 வாரம் என்று இரண்டு தவணையாக இருந்தது. 2023 ஜனவரி முதல் ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது தவணை சேர்ந்தது. காசநோய்க்குத் தொடர் கட்டத்தில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டு மட்டும் என்று பழைய விளக்கம் சொல்லும். இப்போதைய தேசியத் திட்டத்தில் எதாம்புட்டாலும் சேர்ந்து மூன்று மருந்து நாலு மாதம். கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, குறிப்பிட்ட பிரிவினருக்கு 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள். ஃபாரன்சிக்கில் மாற்றம் இன்னும் பெரிது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் பிரிவு எண்கள் எல்லாமே புதியவை. கவனக்குறைவால் மரணம் 304ஏ ஆக இருந்தது, இப்போது 106. கொலைக்கு 302 போய் 103. கொடுங்காயத்துக்கு 320 போய் 116, அதிலும் கடும் வலியில் இருக்க வேண்டிய நாள் 20இலிருந்து 15 ஆகக் குறைந்துவிட்டது. போலீஸ் பிணவிசாரணை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்று விரல்நுனியில் வைத்திருப்பீர்கள், இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194. இந்த நாலு தலைப்புக்கும் தனியாக ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, செயலியின் விடை அதோடு மோதினால் உங்கள் பக்கத்தை நம்புங்கள். அந்தப் பக்கத்தை எழுதுவதற்குச் சட்டத்தின் மூலத்தையும் சுகாதார அமைச்சகத்தின் அட்டவணையையும் பாருங்கள், நண்பர்கள் அனுப்பும் படங்களை வேண்டாம்.

"ரீகால்" கேள்விகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் கையில் இருக்கும். வாரியம் வினாத்தாளை வெளியிடுவதில்லை. வெளியே சுற்றுவதெல்லாம் நினைவிலிருந்து எழுதியவை. கேள்வியின் கடைசி வரி நினைவிருக்கும், நடுவில் இருந்த வயதும் ஆய்வு முடிவும் இருக்காது. அந்த இரண்டு இல்லாமல் விடையை உறுதி செய்ய முடியாது. எந்தத் தலைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். விடையை மனப்பாடம் செய்யாதீர்கள்.

படக் கேள்விகளுக்குத் தினமும் இருபது நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., ஃபண்டஸ், திசுப் படம், கருவிகள். கீழே ஆப்ஷனை மறைத்துவிட்டு, படத்தில் தெரிவதை முதலில் சொல்லில் சொல்லுங்கள், பிறகு பெயர். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு நம் ஊர் அரசு மருத்துவமனைக் கருவிகள் கண்பழக்கம் இல்லாதவை. கருத்தடைச் சாதனங்களில் காப்பர் டி 380ஏ பத்து ஆண்டு, காப்பர் 375 ஐந்து ஆண்டு என்று படித்திருப்பீர்கள், ஆனால் இரண்டின் வடிவத்தையும் படத்தில் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

14 வாரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் வாரம் அளந்து பார்ப்பதற்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன். 2 முதல் 9 வரை எட்டு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு இரண்டு கட்டு. கட்டும் ஆய்வும் சேர்த்து ஐந்து மணி நேரம், மேலே சொன்ன வரிசையில் பாடப் படிப்பு இரண்டரை மணி நேரம், அட்டைகள் ஒரு மணி நேரம், படங்கள் இருபது நிமிடம். மொத்தம் ஒன்பது மணிக்குள் அடங்கும். பத்தாவது மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். கேள்விகள் பழையவைதானே என்று கேட்பீர்கள். முதல் சுற்றில் தவறியவை, இரண்டாம் சுற்றிலும் தவறியவை, நீங்கள் சேர்ந்த பிறகு புதிதாகச் செயலியில் ஏற்றப்பட்டவை, இவற்றிலிருந்து மட்டும் கலந்து கட்டு உருவாக்குங்கள். இரண்டு முறையும் சரியானவற்றைத் தொடவேண்டாம். ரீசெட் செய்யாதீர்கள் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம்: எதில் தவறினீர்கள் என்ற வரலாறுதான் நீங்கள் கொடுத்த பணத்தில் இப்போது மிச்சமிருக்கும் சொத்து. ஒரு பொத்தானில் அது அழிந்துவிடும்.

ஏழாவது நாள் கட்டு வேண்டாம், அந்த வாரத்துத் தவறுகளை வகைவாரியாக எண்ணிப் பார்க்கும் நாள் அது. இரண்டு வாரத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு, 300 கேள்வி, காலையில் ஒரு பகுதி, பிற்பகலில் ஒரு பகுதி. இதற்கு மட்டும் இதுவரை பார்க்காத கேள்விகள் வேண்டும். செலவு செய்வதானால் இதில் செய்யுங்கள். மாதிரித் தேர்வுகளை மட்டும் தனியாக விற்கிறார்கள், முழுச் சந்தாவைவிடக் குறைவாகவே ஆகும். தோழியிடம் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் எழுதலாம், கூச்சம் தேவையில்லை. 10 முதல் 13 வரை வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வும் நாளுக்கு ஒரு கட்டும், மீதி நேரம் அட்டைகளும் பி.எஸ்.எம். எண்களும். அடுத்தடுத்து மூன்று புதிய மாதிரித் தேர்வில் 165ஐத் தாண்டினால் தைரியமாக எழுதலாம். ஒன்றில் 175, அடுத்ததில் 148 என்று ஆடினால் ஏதோ ஒரு பெரிய பாடத்தில் ஓட்டை இருக்கிறது, பாடவாரியாகப் பிரித்துத் தேடுங்கள். கடைசி மாதிரித் தேர்வு தேர்வுக்கு எட்டு நாள் முன்பு, அதற்குப் பின் புதிய கேள்வி ஒன்றும் போடவேண்டாம்.

இந்தத் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. பல அமர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள், 141ஐ அவர்கள் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறும்.

முதல் வாரம். நாளைக்கே பார்க்காத முழுத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதுங்கள், "உ", "ஐ", "கு" குறியோடு. அடுத்த மூன்று நாள் அந்த 300 கேள்வியின் ஆய்வு மட்டும். முடிவில் ஒரு காகிதத்தில் இரண்டு கணக்கு இருக்க வேண்டும்: ஒவ்வொரு பாடத்திலும் எத்தனைக்கு எத்தனை, நாலு வகைத் தவறில் ஒவ்வொன்றும் எத்தனை. "தெரியாது" வகை மற்ற மூன்றையும் சேர்த்ததைவிட அதிகமாக வந்தால் முதல் மூன்று வாரம் நாளுக்கு ஒரு கட்டாகக் குறைத்து, அந்த நேரத்தையும் பாடப் படிப்புக்குக் கொடுங்கள். "குழம்பியது" அதிகமாக வந்தால் மேலே சொன்ன அட்டவணையை அப்படியே ஆரம்பிக்கலாம். "தவறாகப் படித்தது" மட்டும் 20ஐத் தாண்டினால், இரண்டு வாரத்துக்கு 50 கேள்விக் கட்டை 55 நிமிடத்தில் போட்டுப் பழகி, பிறகு 50க்கு இறங்குங்கள்.